பணமா, பொது வசதியா? கார்ப்பி ஊர் கற்பிக்கும் பாடம்

அரசாங்கம் சிறுதொழிலுக்கு உதவ இரு வழிகள் உள. ஒவ்வொருவர் கையிலும் சிறிது பணம் கொடுப்பது ஒன்று. ஒரே தொழில் செறிந்த ஊருக்குப் பொது வசதி அமைத்துத் தருவது மற்றொன்று. இரண்டாம் வழியின் பயனையும் வரம்பையும் இத்தாலிய அனுபவத்தைக் கொண்டு ஆராய்வோம்.

ஒரு தொழில் ஓரிடத்தில் செறிவதால் கைதேர்ந்த தொழிலாளரும் துணைத் தொழில்களும் அருகிலேயே அமைதலை ஆல்பிரட் மார்ஷல் என்னும் ஆங்கிலப் பொருளாதார அறிஞர் 1890-ஆம் ஆண்டில் விளக்கினார். வட இத்தாலியின் எமிலியா-ரொமாஞ்ஞா பிராந்தியத்திலுள்ள கார்ப்பி இதற்குத் தக்க சான்று. முன்னாளில் மரச்சீவலால் தொப்பி முடைந்த அவ்வூர், இரண்டாம் உலகப் போருக்குப்பின் பின்னலாடைத் தொழிலுக்கு மாறியது. பின்னுதல், வெட்டுதல், தைத்தல் ஆகியவற்றைத் தனித்தனிச் சிறு பட்டறைகள் செய்தன.

கைத்திறன் இருந்தது, குறை எங்கே? அடுத்த பருவத்தில் எந்நிறம் விற்கும், எவ்வியந்திரம் ஏற்றது என்பதை ஆராயும் செலவு தனிப் பட்டறைக்குத் தாங்காது. இக்குறையையே அரசாங்கம் நிறைவு செய்தது. 1970-இல் அமைந்த பிராந்திய அரசு, 1974-இல் எர்வெட் என்னும் வளர்ச்சி நிறுவனத்தை நிறுவியது. அதன் துணையுடன் 1980-இல் கார்ப்பியில் சிட்டெர் என்னும் ஜவுளித் தகவல் நிலையம் தோன்றியது. ஆடைப்பாங்கு, சந்தை, தொழில்நுட்பம் பற்றிய செய்திகளைத் திரட்டித் தந்ததோடு, பயிற்சியும் அளித்தது. அரசாங்கம் பொருள் உதவிற்று. பயன்பெற்ற உறுப்பினரும் சந்தா செலுத்தினர். தாம் பணம் கொடுத்த நிலையத்தினிடம் தமக்கு வேண்டுவதைக் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டாயிற்று.

இதனால் எல்லா இடரும் நீங்கிவிட்டதெனக் கொள்ளலாகாது. 1990-க்குப்பின் வெளிநாட்டு மலிவுச் சரக்கின் போட்டியால் கார்ப்பியில் பட்டறைகளின் தொகை பெரிதும் குறைந்தது. எர்வெட்டும் 2019-இல் மற்றொரு நிறுவனத்துடன் இணைந்து ஆர்டெர் ஆயிற்று. பொது வசதி சந்தையின் மாறுதலைத் தடுக்கவல்லதன்று; அதனை முன்னறிந்து ஆயத்தமாவதற்கே அது துணை செய்யும்.

நாம் கொள்ளவேண்டிய பாடம் யாது? தறிக்கு இவ்வளவு, ஏக்கருக்கு இவ்வளவு எனப் பங்கிட்ட பணம் ஒரு பண்டிகையோடு தீர்ந்துவிடும். பொதுச் சாயப்பட்டறையும் கிட்டங்கியும் பல்லாண்டு பயன் தரும். ஆனால் அவற்றைக் காக்கும் பொறுப்பும் உறுப்பினருடையதே.

அங்கத்தினர் கூட்டத்தில் ஆராய்தற்குரிய வினாக்கள்:

1. நம் ஊரில் ஒருவர் தனித்துச் செய்ய இயலாத, எல்லார்க்கும் வேண்டிய பணி எது?

2. அதன் செலவில் நாம் ஏற்கக்கூடிய பங்கு எவ்வளவு?

3. அரசாங்க உதவி குறையுமாயின், அப்பணியை நடத்தும் வழி யாது?