வரைபுக்குப் பெயர் எங்கிருந்து வருகிறது?



விதைநெல் உதவியோ அழிவுக்கான நட்டஈடோ கேட்டுப் போகும்போது, விளைச்சல் கணக்கோடு ஒரு வரைபும் கையிலிருந்தால் நமது நிலைமை விரைவில் விளங்கும். உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் எக்செல்லில் இதைச் சிறிது நேரத்தில் செய்துவிடுவார்கள். ஆனால் வரைபில் "சீரிஸ் 1", "சீரிஸ் 2" என்று மட்டும் இருந்தால் எது பெரும்போகம், எது சிறுபோகம் என்று அலுவலருக்கு எப்படித் தெரியும்?

நாம் தெரிவுசெய்யும் பகுதியின் முதல் நிரையிலும் முதல் நிரலிலும் எழுத்து இருந்தால், கணனி அவற்றைத் தானாகவே பெயர்களாக எடுத்துக்கொள்ளும். ஆகவே தலைப்புகளையும் சேர்த்தே தெரிவுசெய்ய வேண்டும்.

சிக்கல் ஆண்டிலேதான். முதல் நிரலில் 2021, 2022, 2023 எனவும் அதன் தலையில் "ஆண்டு" எனவும் எழுதுவது நமக்கு முறையாகவே தோன்றும். ஆனால் ஆண்டும் ஓர் எண்தானே! கணனி அதையும் விளைச்சலென்று எண்ணி 2021 அளவுக்கு ஒரு சலாகையை எழுப்பிவிடும். பக்கத்தில் நமது 25 மூடை தரையோடு ஒட்டிக் கிடக்கும். இடது மேல் மூலைக் கலத்தை வெறுமையாக விட்டு, அதையும் சேர்த்துத் தெரிவுசெய்யுங்கள். ஆண்டுகள் அடியில் பெயர்களாக வந்துவிடும்.

கலத்துக்குள் "25 மூடை" என்று எழுதவே வேண்டாம். எழுத்துக் கலந்தால் கணனிக்கு அது எண்ணல்ல, வரைபில் பூச்சியமாகிவிடும். விளைந்த வயலை விளையாத வயலாகக் காட்டும் இந்தப் பிழையே நமக்குப் பெரிய நட்டம். "பெரும்போகம் (மூடை)" என்று தலைப்பில் எழுதுங்கள். அலகும் பெயரோடு வரைபில் வரும். மூடை எத்தனை கிலோ என்பதையும் ஓரிடத்தில் குறிக்க வேண்டும், அது ஊருக்கு ஊர் வேறுபடுமல்லவா?

பெரும்போகம் இரண்டு ஆண்டுகளில் விழுவதால் 2021/22 என்று எழுதும் வழக்கம் நமக்குண்டு. கணனி அதை எண்ணாகக் கொள்ளாது; பெயராகவே எடுக்கும். ஆனால் மீள்குடியேறிய காலத்துப் பழைய கணக்கைப் பதிபவர்கள் கவனிக்க வேண்டும். 2009/10 என்று எழுதினால் அதை 2009 ஒக்டோபர் மாதமாகவும், 2011/12 என்பதை 2011 டிசெம்பராகவும் மாற்றிவிடும். இவற்றுக்கு முன்னால் ஓர் ஒற்றை மேற்கோட்குறி இட்டு எழுதினால், எழுதியது எழுதியபடியே நிற்கும். அந்தக் குறி வரைபில் தெரியாது.