மலை ஓயாக்களில் ட்ரவுட் தூண்டில்

கேள்வி: நுவரெலியா மலை ஓயாக்களில் நண்பர்களோடு ட்ரவுட் மீன்பிடிக்கச் செல்வோர் எவற்றைத் திட்டமிட வேண்டும்?

பதில்: ட்ரவுட் இலங்கைக்கு உரிய மீன் அன்று, பிரித்தானியத் தோட்டத் துரைமார் 1882ஆம் ஆண்டளவில் பழுப்பு ட்ரவுட்டை நுவரெலியாவுக்குக் கொண்டுவந்தனர் என்றாலும், இங்கே நிலைத்தது பின்னர் வந்த வானவில் ட்ரவுட்டே. குளிர்ந்த, பிராணவாயு நிறைந்த நீர் இதற்கு இன்றியமையாதது என்பதால், உயர்மலை நீர்நிலைகளிலன்றி இலங்கையில் வேறெங்கும் இதைத் தேடிப் பயனில்லை. ட்ரவுட்டைப் பிடிக்க, இறகாலும் நூலாலும் பூச்சிபோலக் கட்டிய பொய்யிரையை, கயிற்றின் பாரத்தாலேயே வீசி நீர்மேல் இறக்கும் முறைக்கே ஈத்தூண்டில் என்று பெயர். நீர் தெளிந்திருந்தால்தான் மீன் அதைக் காணும் என்பதால், தென்மேற்குப் பருவமழை ஓயாக்களைக் கலக்கும் மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களைத் தவிர்த்து, சனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட காலத்தைத் தேர்வதே அறிவு.

அனுமதியையும் திட்டமிட வேண்டும்: ட்ரவுட் ஓயாக்கள் உள்ள ஹோர்ட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்காவாக இருப்பதால், வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியின்றி அங்கே தூண்டில் போடலாகாது. தோட்டங்களுக்குள் ஓடும் ஓயாக்களுக்கு நிர்வாகத்தின் இசைவு தேவை. அதனினும் முதன்மையானது, லயன்களில் வாழும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பல அந்த நீரிலேயே குளித்துத் துவைத்து, சிலவிடங்களில் குடிக்கவும் செய்கின்றன என்பது. ஆதலால் அவர்களது துறைகளுக்கு மேலே இறங்கி நீரைக் கலக்காமலும், அறுந்த தூண்டில் நரம்பைக் கரையில் விட்டுவராமலும் இருக்க, நான்கைந்து பேருக்கு மேற்படாத குழுவாகச் செல்வதே தகும்.