ஆர்வம் எங்கிருந்து வருகிறது?

அன்புள்ள தம்பிக்கு,

பழவேற்காட்டு லைட்ஹவுஸ் குப்பத்தில் மாலை வகுப்பு நடத்திவரும் செய்தியை நீ எழுதியிருந்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது. ஆனால் கடிதத்தின் முடிவில், பிள்ளைகளுக்குப் படிப்பில் ஆர்வமே இல்லையென்றும், நம் ஜனங்களுக்கே வாசிக்கும் சுபாவம் கிடையாதென்றும், ஆகவே ஊக்கமூட்ட நல்ல பேச்சாளர் ஒருவரை அனுப்ப வேண்டுமென்றும் கேட்டிருந்தாயே, அது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பேச்சாளர் யாரையும் நான் அனுப்பப்போவதில்லை, இக்கடிதத்தைத்தான் அனுப்புகிறேன்.

வாசிப்பு ஒரு ஜனசமூகத்தின் பிறவிக் குணம் என்னும் அபிப்பிராயம், தாம் செய்யவேண்டிய காரியத்தைச் செய்யாதிருப்பதற்குப் படித்தவர்கள் கண்டுபிடித்த சௌகரியமான சமாதானம். ஆர்வம் முதலில் பிறந்து, பின்பு அது புத்தகத்தைத் தேடிப் புறப்படும் என்று நீயும் நம்புகிறாய். கேள்வி இருக்கும் இடத்துக்குப் புத்தகம் போய்ச் சேரவேண்டும். ஆர்வம் அதற்கப்புறந்தான் உண்டாகும் என்பது என் கட்சி.

சாமிநாதையரின் 'என் சரித்திர'த்தில் நான் அடிக்கடி திரும்பிப் போய்ப் படிக்கும் பகுதி ஒன்று உண்டு. 1880-ஆம் வருஷம் அக்டோபர் 21-ஆம் தேதி, கும்பகோணம் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராயிருந்த அந்த இருபத்தைந்து வயது இளைஞர், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் செல்கிறார். என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர் என்று முதலியார் வினவ, அந்தாதியும் பிள்ளைத்தமிழும் கோவையும் புராணமுமாக இவர் அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியாரோ சிறிதும் வியக்காமல், இவற்றுக்கெல்லாம் முற்பட்ட நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டு, சீவக சிந்தாமணியின் பெயரைச் சொல்கிறார். இம்மட்டில் நின்றிருந்தால் முதலியாரும் நீ கேட்கும் பேச்சாளர்களின் வரிசையில் சேர்ந்து மறக்கப்பட்டிருப்பார். அவர் நிற்கவில்லை, தம்மிடமிருந்த கையெழுத்துப் பிரதியையும் பின்னர்க் கொடுத்தார். 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை எல்லாம் அதைத் தொடர்ந்து வந்தன. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட மாணாக்கருக்கே, ஒருவர் கேள்வி கேட்டுப் பிரதியையும் கையில் கொடுக்க வேண்டியிருந்ததென்றால், உன் குப்பத்துப் பிள்ளைகளை மாத்திரம் குறை சொல்வானேன்?

அதே அக்டோபர் 21-ஆம் தேதியில், 1931-ஆம் வருஷம், மன்னார்குடியை அடுத்த மேலவாசலில், கனகசபைப் பிள்ளை என்னும் பொறியாளர் அமைத்த மாட்டுவண்டி நூலகம் புறப்பட்டது. தேதி ஒத்துப்போனது தற்செயல்தான். ஆயினும் அதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம் உண்டு. நூலகம் ஊர் ஊராகப் போக வேண்டும் என்று அக்காலத்தில் வற்புறுத்தியவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன். கணித ஆசிரியராயிருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர் அவர். முதலில் அந்த வேலையே சலித்துப்போய், கல்லூரிக்குத் திரும்பிவிட விரும்பினார் என்பதை நீ கவனிக்க வேண்டும். அவர் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில், வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய நூல் கிடைக்கவேண்டும் என்பதும் ஒன்று. ஆர்வமுள்ள வாசகருக்கு மட்டும் என்று அவர் நிபந்தனை போடவில்லை.

உங்கள் பக்கத்தில் கேள்விக்கா பஞ்சம்? 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர் பழவேற்காட்டுக்கு எதற்காக வந்தார்கள், அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தின் வாசலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்தது ஏன், குளிர்காலத்துப் பூநாரைகள் ஏரியில் எதைத் தின்கின்றன, முகத்துவாரத்தை மணல் ஏன் அடைக்கிறது என்றெல்லாம் கேட்காத பிள்ளை அங்கே இருக்குமா? இக்கேள்விகளுக்கு விடை சொல்லும் நூல்களை வாங்கு. நீதிக்கதைத் தொகுப்புகளையும், வெற்றிக்கு வழி சொல்லும் புத்தகங்களையும் தயவுசெய்து வாங்காதே. வாசிப்பின் மேன்மையைப் பற்றிக் கட்டுரைப் போட்டியும் வைக்காதே. வாங்கியதைப் பீரோவில் பூட்டுவது அதைவிடப் பெரிய பாவம். ஏரியில் மீன்பிடிக்கும் பாடு முறைவைத்து வருவதுபோல, புத்தகமும் வீட்டுக்கு வீடு முறைவைத்துப் போகட்டும். கிழிந்தால் கிழியட்டும், கிழிந்த புத்தகம் யாரோ படித்த புத்தகம்.

இதெல்லாம் தர்மகாரியம் என்று எண்ணி நீ கூச்சப்படவும் வேண்டாம். அரங்கநாதன் பல வருஷம் பாடுபட்டதன் பலனாக, அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாயிருந்தபோது, 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் அத்தகைய சட்டங்களுள் அதுவே முதலாவது. அச்சட்டத்தின்படி வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. வரி கட்டும் குடும்பத்தின் பிள்ளை நூலகத்தை யாசகமாகக் கேட்க வேண்டியதில்லை. ஆகவே, குப்பத்துப் பெரியவர்களிடம் கையொப்பம் வாங்கி, நூலகத்தின் நேரம் பள்ளிக்கூட நேரத்தோடு மோதாதபடி மாலையில் அமையவேண்டும் என்பதையும் தெளிவாகக் குறிப்பிட்டு, குப்பத்துக்கு ஒரு நூலகம் வேண்டித் திருவள்ளூரிலுள்ள மாவட்ட நூலக அலுவலருக்கு இந்த வாரமே ஒரு விண்ணப்பம் எழுது. அதன் நகலை எனக்கும் அனுப்பு. பிழை இருந்தால் திருத்தித் தருகிறேன்.