மரக்காணத்து மாணவிக்கு ஒரு செமஸ்டர் யோசனை

அன்புள்ள மாணவிக்கு,

“உள்நாட்டுக்குள்ளேயே போவதெல்லாம் எக்ஸ்சேஞ்சா, சார்? உப்பளத்தில் வளர்ந்தவளுக்கு குஜராத் உப்பில் என்ன புதுசு இருக்கப்போகிறது?” என்று நீ கேட்டிருந்தாய். உன் பழைய வாத்தியாரை அந்தக் கேள்வி நன்றாகவே சீண்டிவிட்டது.

முதல் பாதிக்குச் சுருக்கமான பதில். அமெரிக்காவில் நேஷனல் ஸ்டூடன்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு 1968இல் தொடங்கியது. முதலில் சேர்ந்தவை இல்லினாய் ஸ்டேட், மொன்டானா ஸ்டேட், அலபாமா என்ற மூன்று பல்கலைக்கழகங்கள். பனியே பார்க்காத தெற்கத்திப் பிள்ளை மொன்டானா மலையடிவாரத்தில் போய்ப் படிக்கலாம். கட்டணத்தைத் தன் சொந்தப் பல்கலைக்கழகத்திலேயே கட்டும் வழியும் உண்டு. விமானம் ஏறிக் கடல் தாண்டினால்தான் பரிமாற்றம் என்ற நினைப்பு நம் ஊர் விளம்பரத் தட்டிகள் கற்றுக்கொடுத்தது.

இரண்டாம் பாதிதான் விஷயம்.

உப்பின் வேதியியல் எல்லா ஊரிலும் ஒன்றுதான். உப்புநீரின் அடர்த்தியை அளக்கும் பாமே மானியில் கடல்நீர் ஏறக்குறைய 3 பாகை காட்டும். வெயிலில் வற்றி 25 பாகையைத் தொட்டதும் உப்பு படியத் தொடங்கும். 30ஐ நெருங்கினால் மெக்னீசியம் சேர்ந்து கசக்கும். அதற்குள் அடிநீரை வெளியேற்ற வேண்டும். இது உன் வீட்டாருக்குக் காலாலேயே தெரியும். மாறுவது மற்றதெல்லாம்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மழை எப்போது வருகிறது, நிலம் யார் பெயரில் இருக்கிறது, வேலை இல்லாத மாதங்களில் அடுப்பு எப்படி எரிகிறது.

குஜராத்தின் சின்ன ரண் ஆஃப் கட்ச் பகுதியில் உப்பு விளைவிக்கும் அகரியாக்களை எடுத்துக்கொள். அவர்கள் கடலோரத்தில் பாத்தி கட்டுவதில்லை. தென்மேற்குப் பருவமழையில் ரண் முழுக்கத் தண்ணீர் நிற்கும். அது வடிந்த பிறகு, அக்டோபர் வாக்கில் குடும்பத்தோடு உள்ளே போய், கிணறு தோண்டி, கடல்நீரைவிடப் பல மடங்கு அடர்த்தியான நிலத்தடி உவர்நீரை இறைத்துப் பாத்தி நிரப்புகிறார்கள். கல் கல்லாகப் பெரிய உப்பு விளைய மாதக்கணக்கில் அதைக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். உப்பு வெளியேறுவது கோடை நெருங்கும்போதுதான். இறைப்பதற்கான டீசல் செலவே அவர்களுடைய வருமானத்தைத் தின்றது. அண்மை ஆண்டுகளில் சூரிய சக்தி பம்புகள் வந்த பிறகுதான் கொஞ்சம் மூச்சுவிட முடிகிறது.

இங்கே கதை தலைகீழ். அகரியா கிணறு தோண்டும் அக்டோபரில்தான் மரக்காணத்தில் வடகிழக்குப் பருவமழை பாத்திகளைக் கரைத்துவிட்டுப் போகும். அந்த மாதங்களுக்காகத்தான் தமிழ்நாடு அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் அறிவித்தது. ஜனவரியில் பாத்தியை மிதித்துச் சீர்செய்து, வெயில் ஏறியதும் வாரத் தொடங்கினால் அடுத்த மழைவரை வேலை. ஒரே நாடு, ஒரே உப்பு, இரண்டு பஞ்சாங்கம்! இதைத்தான் “என்ன புதுசு” என்று கேட்கிறாய்.

இன்னும் ஒன்று. சின்ன ரண் 1973இல் காட்டுக்கழுதைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தலைமுறைகளாக அங்கே உப்பு விளைவித்தவர்களுக்கு நிலத்தின் மேல் பட்டா கிடையாது. உரிமைச் சிக்கல் இன்றுவரை ஓடுகிறது. உன் ஊருக்குப் பக்கத்தில் கழுவெளி ஈரநிலம் 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமானது. பரப்பு 5,151 ஹெக்டேருக்கு மேல். பறவைக்கும் மீன்பிடிப்பவருக்கும் மாடு மேய்ப்பவருக்கும் உப்பளத்துக்கும் நடுவே எல்லை போடும் வேலையில் குஜராத் உன்னைவிட ஏறக்குறைய ஐம்பது ஆண்டு முன்னால் போய்விட்டது. அங்கே என்ன தவறியது, என்ன நிலைத்தது என்று போய்ப் பார்க்காமல், கழுவெளியைப் பற்றி எத்தனை திட்ட அறிக்கை எழுதினாலும் அது பாதி அறிக்கைதான்.

சரி, இதைச் சில நாள் பயணத்தில் பார்க்கக்கூடாதா? ‘யுவ சங்கமம்’ போன்ற அரசுப் பயணங்கள் உண்டு; கோயில், அருங்காட்சியகம், ஒரு நடன நிகழ்ச்சி, குழுப்படம். நல்லதுதான். ஆனால் உப்பு பஸ் அட்டவணை பார்த்து விளைவதில்லை. ஒரு பாத்தி நிரம்பி, படிந்து, வாரப்படுவதைப் பார்க்க ஒரு செமஸ்டர் வேண்டும்.

எங்கே தங்குவது, என்ன சாப்பிடுவது என்ற பேச்சு வந்தாலே வாத்தியாருக்கு எண்ணாயிரம் ஞாபகம் வந்துவிடும். பொறுத்துக்கொள். உன் விழுப்புரம் மாவட்டத்திலேயே இருக்கும் ஊர். அங்குள்ள கோயிலில் முதலாம் ராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் கொண்ட கல்லூரியைப் பதிவு செய்கிறது. இளநிலையில் 270 பேர்; ரிக் வேதத்துக்கு 75, யஜுருக்கு 75, ரூபாவதாரம் என்ற இலக்கண நூலுக்கு 40 என்று பட்டியல் நீள்கிறது. முதுநிலையில் வியாகரணத்துக்கு 25, பிரபாகர மீமாம்சைக்கு 35, வேதாந்தத்துக்கு 10. இன்றைய அட்மிஷன் பட்டியல் தோற்றுப்போகும் துல்லியம். அதைவிட முக்கியம், ஒவ்வொரு மாணவனுக்கும் தினம் எவ்வளவு நெல் என்பதும் அதே கல்லில் இருக்கிறது. பக்கத்தில் புதுச்சேரிப் பகுதியின் திரிபுவனையில் 1048ஆம் ஆண்டுக் கல்வெட்டு 260 மாணவர்களையும் 12 ஆசிரியர்களையும் சொல்லி, அவர்களுக்குக் கிராம வாரிய வேலைகளிலிருந்து விலக்கும் தருகிறது.

பெருமை பேச இதைச் சொல்லவில்லை. உப்பளத்து வீட்டுப் பெண் அந்த வாசலில் கால்வைத்திருக்க முடியாது. அது வேதம் படிக்கும் பிராமணர்களுக்கான இடம். ஆனால் சோற்றுக்கணக்கைக் கல்லில் வெட்டிய புத்தி நம் காலத்து ஒப்பந்தங்களில் இல்லை. துணைவேந்தர்கள் கைகுலுக்கும் படமும் ‘பண்பாட்டுப் பரிமாற்றம்’ என்ற சொல்லும் உண்டு. விடுதியில் இடம் உண்டா, மெஸ் பில்லை யார் கட்டுவது, உதவித்தொகை அந்த மாதங்களில் நிற்குமா தொடருமா என்ற வரி இருக்காது. வசதியுள்ள பிள்ளைகள் போய்விட்டு வருவார்கள். மற்றவர்கள் அறிவிப்புப் பலகையைப் படித்துவிட்டு நகர்வார்கள். ஆகவே ஒப்பந்த நகலைக் கேட்டு வாங்கு. அதில் சோறு எங்கே என்று தேடு.

கிரெடிட் விஷயம் எளிது, ஆனால் முன்கூட்டியே செய்ய வேண்டியது. யுஜிசி 2021இல் கிரெடிட் வங்கிக்கான விதிகளைக் கொண்டுவந்தது. வேறிடத்தில் எடுத்த கிரெடிட் உன் கணக்கில் ஏறும், ஏழு ஆண்டு வரை செல்லும். பட்டம் கொடுக்கும் நிறுவனத்தில் குறைந்தது பாதி கிரெடிட் எடுத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஒரு செமஸ்டருக்கு அதனால் சேதமில்லை. சிக்கல் வேறிடத்தில்: அங்கே எடுத்த பாடம் இங்குள்ள எந்தப் பாடத்துக்கு ஈடு என்பதை உன் துறை ஏற்க வேண்டும். “போயிட்டு வா, அப்புறம் பாத்துக்கலாம்” என்று யார் சொன்னாலும் நம்பாதே. துறைத்தலைவர் கையெழுத்தோடு கடிதம் கையில் இல்லாமல் ரயில் டிக்கெட் எடுக்காதே.

எங்கே போகலாம்? பாவ்நகரில் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1954இல் நேரு திறந்துவைத்த மத்திய உப்பு, கடல் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனமும் அங்கேதான். கடலே இல்லாத உப்பைப் பார்க்க வேண்டுமானால் ராஜஸ்தானின் சாம்பார் ஏரி; கிஷன்கர் பக்கத்தில் அந்த மாநிலத்தின் மத்தியப் பல்கலைக்கழகம். உன் பல்கலைக்கழகத்துக்கு இவற்றோடு ஒப்பந்தம் உண்டா என்று முதலில் விசாரி. இல்லையென்றால் ஒன்று போடச்சொல்லிக் கேள். மாணவி கேட்டுத்தான் பல கோப்புகள் நகர்ந்திருக்கின்றன.

ஜூலை செமஸ்டருக்கு மட்டும் விண்ணப்பிக்காதே. போய் இறங்கும்போது ரண்ணில் முழங்கால் தண்ணீர்தான் இருக்கும். ஜனவரிக்குக் கேள். இங்கே பாத்தி மிதிக்கும் நாட்களைத் தவறவிடுவாய். அதை உன் அப்பா வீடியோவில் அனுப்பட்டும்.

அன்புடன்,
உன் வாத்தியார்

பி.கு.: வீட்டில் இருக்கும் பாமே மானியையும் எடுத்துக்கொண்டு போ. கண்ணாடி; துணிக்கு நடுவில் வை. அங்கே இறைக்கிற கிணற்று நீர் எத்தனை பாகை என்று முதல் வாரமே அளந்து எழுது.