எழுத்துக்குப் பதிலாகப் படம்

கணிப்பொறிக்கு எழுத்து என்பது ஓர் எண்ணே. யூனிகோட் முறையில் நம் 'அ' என்னும் எழுத்தின் எண் 2949. எமோஜி எனப்படும் சித்திரக் குறிகளும் இவ்வாறு எண் பெற்ற எழுத்துகளே, படங்கள் அல்ல. எண்ணுக்கு உருவம் தருவது, படிப்பவரின் கருவியில் உள்ள எழுத்துருவாகும்.

2019-ஆம் ஆண்டில் கோயில், புடவை, ஆட்டோ ரிக்ஷா, அகல்விளக்கு ஆகிய நான்கு குறிகளும் யூனிகோடில் இடம்பெற்றன. மயிலாப்பூரையும் தியாகராய நகரையும் சுட்டிக்காட்ட இவையே போதும்! ஆயினும், அதற்கு முந்திய எழுத்துருவை உடைய கைப்பேசியில் ஆட்டோ தோன்றாது; வெறுங்கட்டமே தோன்றும். இக்குறையைப் போக்கவே, குறியை இணையப் பக்கத்திலேயே படமாக மாற்றும் முறை கையாளப்படுகிறது. டுவிட்டர் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட 'டுவெமோஜி' இதற்கான ஜாவாஸ்கிரிப்ட் நிரல் தொகுப்பாகும். இம்முறை மூன்று படிகளை உடையது.

1. தேடுதல்: பக்கத்தின் உரைப்பகுதிகளில் மட்டுமே குறியைத் தேடவேண்டும். பக்கம் முழுவதையும் திருத்தி மீண்டும் எழுதினால், பொத்தான்களோடு இணைத்த கட்டளைகள் அறுந்துபோகும்.

2. எண்ணை அறிதல்: ஜாவாஸ்கிரிப்டில் சரத்தின் ஓர் அலகு 65535 வரையே கொள்ளும். ஆட்டோவின் எண்ணோ 128762. இதிலிருந்து 65536-ஐக் கழித்தால் 63226. அதனை 1024-ஆல் வகுத்தால் ஈவு 61, மீதி 762. ஈவுடன் 55296-ஐயும், மீதியுடன் 56320-ஐயும் கூட்டினால் 55357, 57082 என இரண்டு அலகுகள் கிடைக்கும். இவ்விரண்டும் சேர்ந்ததே ஓர் ஆட்டோ. அலகு அலகாகப் பிரித்துத் தேடினால் ஆட்டோ இரண்டாக வெட்டுண்டு போகும்.

3. மாற்றுதல்: அவ்வெண்ணுக்குரிய படத்தைக் குறியின் இடத்தில் வைக்கவேண்டும். அப்படத்தின் மாற்றுரையாக மூல எழுத்தையே எழுதுதல் இன்றியமையாதது.

இம்மூன்றாம் படியிலேதான் பலர் தவறுகின்றனர். "கோயில் வாசலுக்கு" என எழுதி, அடுத்து ஆட்டோக் குறியை இட்டு, "பிடித்து வா" என ஒருவர் முடித்திருப்பதாகக் கொள்வோம். மாற்றுரை இல்லையேல், பார்வையற்றோருக்காகப் பக்கத்தை வாசிக்கும் கருவி எதைப் பிடிப்பது என்று சொல்லாது. படம் வந்து சேராதபோது பிறர்க்கும் அதே நிலைதான்.

1990-களில் தமிழ் இணைய இதழ்கள் பல தத்தமக்கெனத் தனி எழுத்துரு வைத்திருந்தன. அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் தமிழ் வெறும் கிறுக்கலாய்த் தெரிந்தது. உருவத்தை மட்டும் நம்பியதால் வந்த இடர் அது. எனவே, கண்ணுக்குப் படத்தைக் கொடுப்போம். எழுத்தையும் இழக்காது காப்போம்.