ஒரு மணி நேரத்தில் காசநோய்ப் பரிசோதனை



நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தைச் சுற்றி வாழ்கிறவர்களுக்கு இருமல் வந்தால், "தூசிதான்" என்று சொல்லிக்கொள்வது வழக்கம். பலவேளைகளில் அது சரியாகவும் இருக்கும். ஆனால் இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் சளியைப் பரிசோதித்தே ஆகவேண்டும். சிலிக்கா தூசியால் நுரையீரல் பழுதடைந்தவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

சளியை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் முறை, ராபர்ட் கோக் 1882-ல் அந்தக் கிருமியைக் கண்டறிந்த காலத்திலிருந்து இருந்துவருகிறது. செலவு குறைவுதான். ஆனாலும் ஒரு மில்லி சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் கண்ணில் படும். கல்ச்சர் முறை இதைவிட நுட்பமானது; அதற்கு வாரக்கணக்கில் காத்திருக்கவேண்டும். அன்றைய கூலியை விட்டுவிட்டு, விருத்தாசலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு வியாதியஸ்தரிடம் "முடிவுக்கு அடுத்த வாரம் வாருங்கள்" என்றால் அவர் வருவாரா? பலர் வருவதில்லை. அவரோடு ஒரே அறையில் படுக்கும் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள்.

இதற்காகவே நம் நாட்டில் உருவானது ட்ரூநாட் என்னும் கருவி. பெங்களூரிலுள்ள பிக்டெக் ஆய்வுக்கூடம் உருவாக்கியதை, கோவாவின் மோல்பயோ நிறுவனம் தயாரிக்கிறது. 2020-ல் உலக சுகாதார நிறுவனமும் இதைப் பரிந்துரைத்தது. பாட்டரியில் இயங்குவதால் மின்சாரம் நின்றாலும் வேலை நிற்காது.

இது வேலை செய்யும் விதம் எளிது. முதல் கருவி சளியிலிருந்து கிருமியின் மரபணுவைப் பிரித்தெடுக்கும். அந்தத் திரவத்தில் 6 மைக்ரோ லிட்டர், அதாவது ஒரு சொட்டிலும் சிறு பங்கு, ஒரு சின்ன சிப்பின் குழியில் விடப்படுகிறது. இரண்டாம் கருவி அதை மாறிமாறிச் சூடாக்கி ஆற்றும். ஒவ்வொரு சுற்றிலும் மரபணு ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஒரு அண்டாத் தண்ணீர் கொதித்து ஆறுவதற்கும் ஒரு கரண்டித் தண்ணீர் கொதித்து ஆறுவதற்கும் உள்ள வித்தியாசம் சமையல் செய்கிறவர்களுக்குத் தெரியும். அளவு இவ்வளவு குறைவாக இருப்பதால்தான் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடிவு கிடைக்கிறது. கிருமி இருந்தால், மீதித் திரவத்தை வேறொரு சிப்பில் விட்டு, ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது கட்டுப்படுமா என்று இன்னொரு மணி நேரத்தில் அறியலாம். மறுபடியும் சளி கேட்கவேண்டியதில்லை.

குறைகளும் உண்டு. செத்த கிருமியின் மரபணுவையும் இது காட்டிவிடும். ஆகவே சிகிச்சை பலிக்கிறதா என்று பார்க்க மைக்ராஸ்கோப்பும் கல்ச்சரும்தான் வேண்டும். பழைய மைக்ராஸ்கோப்பை மூலையில் போட்டுவிடாதீர்கள் என்று நாங்கள் சொல்வது இதனால்தான். மேலும், சளிக்குப் பதிலாக எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் எந்தக் கருவியாலும் பயனில்லை. ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமித் துப்பும்படி பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் வேண்டும்.

ஒரு ஆஸ்பத்திரிக்குக் கருவி வாங்கித்தர நினைக்கிறவர்கள் சிப்புகளையும் சேர்த்து எண்ணவேண்டும். ஒரு பரிசோதனைக்கு ஒரு சிப். அதை மறுபடி உபயோகிக்க முடியாது. சிப் தீர்ந்தால் கருவி அலமாரியில் தூங்கும். அவற்றை 30 டிகிரிக்கு மேற்படாத இடத்தில் வைக்கவேண்டும். மே மாதத்து நெய்வேலியில், அது தகரக் கூரை போட்ட ஸ்டோர் ரூமாக இருக்கமுடியாது.