சைக்கிளோட்டிக்கு ஏற்ற நீட்டல் முறை எது?

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன், தெரு விளக்குகள் இன்னும் அணையாத வேளையில், பெட்டாலிங் ஜெயாவின் தாமான்களிலிருந்து இரண்டும் மூன்றுமாகப் புறப்படுகிற சைக்கிள்கள், சில உலு லங்காட் வழியாகப் பெரஸ் மலை ஏற்றத்தை நோக்கியும், சில கோம்பாக்கிலிருந்து பழைய பெந்தோங் சாலையில் கெந்திங் செம்பாவை நோக்கியும், அவ்வளவு தூரத்துக்குத் துணியாதவை மிட் வேலியிலிருந்து டத்தாரான் மெர்டேக்கா வரை 2015-இல் திறக்கப்பட்ட சைக்கிள் பாதையை நோக்கியும் செல்வதைக் காணும்போது எனக்கு உண்டாகிற ஆனந்தம் பெரிது. இவர்களில் பெரும்பாலோர் பந்தய வீரர்கள் அல்லர். வாரத்தில் ஐந்து நாள் அலுவலக நாற்காலியிலும் நெரிசலில் ஊர்ந்து செல்லும் காரிலும் மடங்கி உட்கார்ந்திருந்த தேகத்தையே ஞாயிறன்று எடுத்துக்கொண்டு 50 அல்லது 60 கிலோமீட்டர் சென்று வருகிறவர்கள். இத்தகையவர்களுக்கு நண்பர்களும் பயிற்சியாளர்களும் வெவ்வேறு நீட்டல் முறைகளைச் சிபாரிசு செய்கிறார்கள். அவற்றில் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்பதே இங்கே நாம் ஆராய வேண்டிய விஷயம்.

முறைகளை ஒப்பிடுமுன், சைக்கிள் நம் சரீரத்தில் எதைக் குறைக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். நிமிஷத்துக்கு 80 சுற்று என்ற சாதாரண வேகத்தில் இரண்டு மணி நேரம் மிதித்தால், ஒவ்வொரு காலும் 9,600 தடவை சுற்றி வருகிறது. ஆயினும் அத்தனை சுற்றுகளில் ஒன்றிலேனும் இடுப்பு, நாம் நிமிர்ந்து நிற்கும்போது விரிவதுபோல முழுவதும் விரிவதில்லை. பெடல் அடியில் இருக்கும்போதுகூட முழங்கால் 25 முதல் 35 டிகிரி வரை மடங்கியே இருப்பதுதான் சரியான அமைப்பு. முதுகு முன்னோக்கி வளைந்திருக்கிறது; சாலையைப் பார்ப்பதற்காகக் கழுத்து மட்டும் பின்னோக்கி உயர்ந்திருக்கிறது. ஆகவே சைக்கிளோட்டி இழப்பது தேகத்தின் முன்புறத்து விரிவை. தொடைக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள விரிவையும், மார்பின் விரிவையும். இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்வரும் முறைகளை எடைபோடுவது எளிதாகிவிடும்.

புறப்படுமுன் செய்வதில் இரண்டு வழிகள் உண்டு. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, குனிந்து கால் விரலைத் தொட்டு, அப்படியே அசையாமல் நிற்பது பழைய வழி. கால்களை முன்னும் பின்னும் வீசுவது, இடுப்பைச் சுழற்றுவது, நீண்ட அடி வைத்துத் தாழ்ந்து எழுவது முதலிய அசைவுகளால் சரீரத்தைச் சூடேற்றுவது மற்றொன்று. நான் சந்தேகமின்றி இரண்டாவதையே சொல்வேன். ஒரே தசையை ஒரு நிமிஷத்துக்கு மேல் அசையாமல் நீட்டி வைத்தால், அதன் பலம் சிறிது நேரத்துக்குச் சற்றுக் குறைகிறது என்பது பல ஆராய்ச்சிகளில் கண்ட உண்மை. கிள்ளான் பள்ளத்தாக்கின் காற்று விடியற்காலையிலும் வெதுவெதுப்பாக இருப்பதால் தசைகளும் தயாராக இருக்கும் என்று எண்ணுவது தவறு. வேலை செய்யாத தசை எந்தத் தேசத்திலும் குளிர்ந்த தசைதான். ஐந்து நிமிஷ அசைவும், முதல் 15 நிமிஷம் இலேசான கியரில் நிதானமாக மிதிப்பதும் போதும்.

திரும்பி வந்தபின் அசையாமல் நீட்டுவதற்கு இடமுண்டு. ஆனால் அதனிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதில் தெளிவு வேண்டும். நீட்டினால் மறுநாள் வலி வராது என்பது நம்மிடையே வேரூன்றிய நம்பிக்கை. காக்ரேன் அமைப்பினர் 12 ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2011-இல் வெளியிட்ட பரிசீலனையோ, வலியை 100 புள்ளிகளால் அளந்தால், நீட்டல் பயிற்சி குறைப்பது ஒரு புள்ளியளவு, மிக அதிகமாகப் போனால் நான்கு புள்ளியளவு என்றுதான் காட்டுகிறது. வலிக்கு மருந்தாக இதைச் செய்கிறவர் ஏமாற்றமடைவார். இழந்த விரிவை வாரக்கணக்கில் மெல்ல மீட்பதற்காகச் செய்கிறவர் பயனடைவார். எவ்வளவு நேரம் நீட்டுவது என்பதற்கும் விடை உண்டு. தொடையின் பின்தசையை 15, 30, 60 விநாடிகள் நீட்டிப் பார்த்து 1994-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், 30 விநாடி 15-ஐவிட மேலான பலனைத் தந்தது; 60 விநாடி அதற்கு மேல் எதையும் கூட்டித் தரவில்லை.

இங்கே நம்முடைய ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். சவாரி முடிந்ததும் நேரே மாமாக் கடைக்குப் போய், ரொட்டி சனாயும் தே தாரிக்கும் வரவழைத்து, பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு மணி நேரம் அதே மடங்கிய இடுப்போடு உட்கார்ந்துவிட்டு, பிறகு காரில் ஏறி மறுபடியும் மடங்கியே வீடு சேருகிறோம். அந்தக் கூட்டுறவு இல்லாத சவாரி எனக்கும் சவாரியாகத் தோன்றாது; ஆகையால் கடையை விடச் சொல்லவில்லை. உட்காருமுன் இரண்டு நிமிஷம் நின்று இடுப்பை விரித்துக்கொள்ளுங்கள் என்றுதான் வேண்டுகிறேன்.

யோகாசனத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். இந்த மண்ணுக்கும் யோகத்துக்கும் உள்ள சம்பந்தம் பழையது. பத்தமடையில் 1887-இல் பிறந்த குப்புசாமி, 1913-இல் மலாயாவுக்கு வந்து, நெகிரி செம்பிலானில் தோட்ட ஆஸ்பத்திரி மருத்துவராகத் தொடங்கி ஏறக்குறையப் பத்து வருஷம் இங்கே தொண்டாற்றிய பின்னரே, ரிஷிகேசம் சென்று சுவாமி சிவானந்தர் ஆனார். அவருடைய சீடர் விஷ்ணுதேவானந்தர் வகுத்துப் பரப்பிய வகுப்பில், சூரிய நமஸ்காரத்துக்குப் பின் பன்னிரண்டு ஆசனங்கள், இடையிடையே சவாசன ஓய்வோடு, ஒரே வரிசையில் வருகின்றன. அவற்றுள் புஜங்காசனமும் சலபாசனமும் தனுராசனமும் சைக்கிளோட்டிக்கென்றே அமைந்தவை போன்றவை; வளைந்த முதுகைப் பின்னோக்கி விரித்து, சோம்பிக் கிடக்கும் முதுகுத் தசைக்கு வேலையும் தருகின்றன. ஆனால் அந்த வரிசை சிரசாசனத்தோடும் சர்வாங்காசனத்தோடும் ஆரம்பமாகிறது. இரண்டு மணி நேரம் கழுத்தை உயர்த்தியே வந்தவர் அன்றைக்கே இவ்விரண்டையும் செய்வதை நான் ஆதரிக்கமாட்டேன். எல்லாருக்கும் முதலில் நினைவுக்கு வருகிற பச்சிமோத்தானாசனமோ, நம்மைச் சைக்கிள் மடக்கிய பக்கமே மீண்டும் மடக்குகிறது. அதை ஒதுக்க வேண்டியதில்லை, முதலிடம் தர வேண்டியதும் இல்லை.

மைசூர் அரண்மனையில் போதித்து, பிறகு சென்னையில் வாழ்ந்த கிருஷ்ணமாச்சாரியாரின் வழி, அவருடைய குமாரர் தேசிகாச்சாரால் வளர்ந்த வடிவில், ஆளுக்கு ஏற்ப ஆசனத்தைத் திருத்துவது; முழங்காலில் பழைய காயம் உள்ளவருக்கும் ஐம்பதைத் தாண்டியவருக்கும் இதுவே உத்தமம். அதே ஆசானிடம் பயின்ற பி. கே. எஸ். ஐயங்காரின் வழி, வார், மரக்கட்டை, நாற்காலி ஆகியவற்றின் உதவியால் விறைத்த தேகத்தையும் சரியான நிலைக்குக் கொண்டுவருவது. குனிந்தால் முழங்காலைக்கூடத் தொட முடியாதவர் இதில் தொடங்கலாம். இடைவிடாமல் நிலைக்கு நிலை மாறிச் செல்லும் வேகமான வின்யாச வகுப்புகள், ஏற்கெனவே உழைத்துக் களைத்தவருக்கு இன்னோர் உழைப்பாகவே முடியும். அவற்றைச் சவாரி இல்லாத நாளுக்கு வைத்துக்கொள்வது நல்லது. ஆசிரியரிடம் முதல் நாளிலேயே, நான் சைக்கிள் ஓட்டுகிறவன், முன்புறத்தை விரிக்கும் ஆசனங்கள் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

இன்னும் இரண்டு முறைகள் உண்டு; அவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். தசையை உருட்டும் நுரை உருளை தருகிற தளர்ச்சி சில நிமிஷங்களில் மறைவது. சுகமாக இருக்கிறது என்பதற்காகச் செய்யலாம், அதை நம்பி மற்றதை விடலாகாது. துணைவர் ஒருவர் காலைப் பிடித்துக்கொள்ள, தசையை இறுக்கித் தளர்த்தி நீட்டும் முறை பலன் மிக்கது. ஆனால் நிதானம் தெரிந்த துணைவர் வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் சீட்டின் உயரத்தைக் கவனியுங்கள். முழங்காலின் பின்புறத்து வலிக்காக ஆறு மாதம் பின்தசையை நீட்டிக்கொண்டிருந்தேன். சீட் அதிக உயரத்தில் இருந்தது என்று பிறகுதான் புலப்பட்டது. சீட்டைத் தாழ்த்திய இரண்டு வாரத்தில் வலி அகன்றது. முழங்காலின் முன்புறம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்ந்திருக்கிறது என்று பொருள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால், உள்ளங்கையின் ஓரத்து நரம்பு ஹேண்டில்பாரில் நசுங்குகிறது. பிடியை அடிக்கடி மாற்றுங்கள். மரப்பு நீடித்தாலும், முதுகிலிருந்து முழங்காலுக்குக் கீழே வலி பாய்ந்தாலும், ஆசனத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.

எல்லாவற்றையும் செய்ய அவகாசம் இல்லாதவருக்கு என் தீர்ப்பு இது: சவாரிக்கு முன் அசைவு, வாரத்தில் மூன்று மாலை, வீட்டிலேயே 10 நிமிஷம் நிதானமான நீட்டல். ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, மறுகாலை முன்னே வைத்து, புட்டத்தை இறுக்கி, இடுப்பை முன்னே தள்ளி 30 விநாடி. மல்லாந்து படுத்துப் பாதத்தில் சாரோங்கைச் சுற்றிக் காலை உயர்த்தி 30 விநாடி. படியின் விளிம்பில் குதிகாலைத் தாழ்த்தி 30 விநாடி. ஒவ்வொன்றும் இரு காலுக்கும் இரண்டு தடவை. கடைசியில் சுருட்டிய துண்டை மார்புக்கு நேரே முதுகின் கீழ் வைத்து, கைகளை விரித்து, இரண்டு நிமிஷம் அசையாமல் படுத்திருங்கள். ஆறு வாரம் விடாமல் செய்தபின், யோக வகுப்பு வேண்டுமா என்று யோசிக்கலாம்.